ஹார்மோன் சிகிச்சை எலும்பை அரிக்கிறதா?

“மாதவிடாய் நின்ற பின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை எலும்பை அரித்துவிடும் என்று 2002-இல் அமெரிக்க ஆய்வே நிரூபித்துவிட்டது” என வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. அந்த ஆய்வு கண்டறிந்தது இதற்கு நேர்மாறானது.

மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் நடந்த அவ்வாய்வில், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு பெண் ஹார்மோன் வகைகளும் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைவிட இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன்தான். மாதவிடாய் நின்றபின் அது வற்றும்போது, புதிய எலும்பு உருவாகும் வேகத்தைப் பழைய எலும்பு கரையும் வேகம் மிஞ்சிவிட, குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினாலே மணிக்கட்டு முறியும் நிலை வருகிறது.

ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் எலும்பு அன்று. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைதல் ஆகியவை கூடியதே. மார்பகப் புற்றுநோய், ஆண்டுக்கு 10,000 பெண்களில் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. ஐம்பதை ஒட்டித் தொடங்குவோருக்கு இந்த ஆபத்துக் கணக்கு அப்படியே பொருந்தாது.

மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ வந்தவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. மற்றவர்கள் இந்தச் செய்தியை நம்பித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் மிகுந்த கவலை தருகிறது, ஏனெனில் நிறுத்திய சில ஆண்டுகளிலேயே எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பும் கரைந்துவிடுகிறது. நிறுத்த விரும்புவோர், எலும்புக்கு வேறு மருந்து தேவையா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.