மொட்டை மாடிக்கு ஒரு வானிலை அறிக்கை

வேலூர். கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. காலை பத்து மணிக்கே மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒடுங்கி நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. அளவெடுக்க வந்திருக்கும் பந்தல்காரர் சண்முகம், ஒன்பதாம் வகுப்பில் இவரிடம் படித்தவர். படித்தவர் என்பதைவிட உட்கார்ந்திருந்தவர் என்பதே சரி.

சண்முகம்: இருபதுக்கு முப்பது, சார். துணிப் பந்தல் போட்டுவிடலாம். போட்டோவில் நன்றாக விழும்.

சார்: மழை வந்தால்?

சண்முகம்: கத்திரியில் ஏது சார் மழை?

சார்: (கைப்பேசியை எட்டப் பிடித்து வாசிக்கிறார்) "வட தமிழக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்."

சண்முகம்: அப்படியென்றால் தகரக் கொட்டகை.

சார்: அவசரப்படாதே. அடுத்த வரி. "அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி வரை அதிகமாக இருக்கக்கூடும்."

சண்முகம்: தகரத்துக்குக் கீழே உட்கார வைத்தால், காது குத்துவதற்கு முன்பே குழந்தை அழும். துணியே இருக்கட்டும்.

சார்: இன்னும் ஒரு வரி இருக்கிறது. "ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம்."

சண்முகம்: அது மழையாலா, வெயிலாலா?

சார்: வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்தால் வியர்வை காயாது. அந்தப் புழுக்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சண்முகம்: என் மாமனார் வந்து தங்கினால் எங்கள் வீட்டிலும் அதுதான் சார் நிலவும். அது சரி, வெயிலும் கொளுத்தும், மழையும் பெய்யும் என்றால் நான் எதை நம்பிக் கம்பு நடுவது?

சார்: இரண்டையும் நம்பு. வெயில்தான் மழையையே கூட்டிக்கொண்டு வருகிறது. தரை சூடேறினால் காற்று சூடாகி மேலே போகும். அதில் ஈரமும் இருந்தால் மதியத்துக்கு மேல் மேகமாகத் திரளும். 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்குக்கூட வளரும். வெப்பச்சலனம் என்று பாடம் நடத்தினேனே.

சண்முகம்: அன்றைக்கு நான் வரவில்லை சார்.

சார்: வந்தாய். தூங்கினாய்.

சண்முகம்: அதை விடுங்கள். இந்த "ஓரிரு இடங்கள்" என்கிறார்களே, அதில் உங்கள் மாடி உண்டா இல்லையா?

சார்: அது அப்படி இல்லையப்பா. ஒரு பகுதியில் மழை அளக்கும் நிலையங்கள் எத்தனையோ, அவற்றில் 25 சதவீதத்துக்குள் பெய்தால் ஓரிரு இடங்கள். அதைத் தாண்டி 50 வரை போனால் ஒரு சில இடங்கள்.

சண்முகம்: நூற்றுக்கு 25 தானா? உங்கள் பாடத்தில் நான் 25 வாங்கியபோது ஃபெயில் என்றுதானே போட்டீர்கள்? மழையையும் ஃபெயில் போட்டுவிடுங்கள்.

சார்: நீ வாங்கியது 19.

சண்முகம்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) எப்படியும் லேசு, மிதம் என்றுதானே போட்டிருக்கிறது. என் துணி தாங்கும்.

சார்: ஒரு நாளில் 15.6 மில்லிமீட்டரிலிருந்து 64.4 மில்லிமீட்டர் வரை பெய்தால் அதற்குப் பெயர் மிதமான மழை.

சண்முகம்: (விரலிடுக்கில் காட்டி) மில்லிமீட்டர்தானே சார், இத்தனூண்டு!

சார்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். உன் இருபதுக்கு முப்பது அடி, கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். 60 மில்லிமீட்டர் பெய்தால் எவ்வளவு?

(சண்முகம் வானத்தைப் பார்க்கிறார். ஒன்பதாம் வகுப்பிலும் விடையை அங்கேதான் தேடுவார்.)

சார்: 3,300 லிட்டருக்கு மேல். இந்தத் தொட்டி ஆயிரம் லிட்டர். இதைப்போல் மூன்று தொட்டியை உன் துணிமேல் கவிழ்க்கிறார்கள். கீழே என் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார்.

சண்முகம்: ஓரமாகவா?

சார்: நட்டநடுவில்.

சண்முகம்: போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் சார் ஆனது. துணி நடுவில் பசுவின் மடி மாதிரி தொங்கிவிட்டது. ஒரு தாத்தா நல்ல எண்ணத்தில் குடைக்காம்பால் மேலே தள்ளிவிட்டார். தண்ணீர் அப்படியே நகர்ந்து சமையல் பக்கம் இறங்கியது. அன்றைக்குச் சாம்பாரே ரசம்.

சார்: அதனால்தான் கேட்கிறேன்.

சண்முகம்: பேசாமல் 28ஆம் தேதிக்கு மேல் தள்ளிப் போடுங்கள். கத்திரி முடிந்துவிடும், வெயிலும் இறங்கிவிடும்.

சார்: கத்திரி பஞ்சாங்கத்தில் இருக்கிறது, வானிலைக் கணக்கில் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தது என்றைக்குத் தெரியுமா? 2003ஆம் வருஷம் மே 31. சூரியனுக்குப் பஞ்சாங்கம் பார்க்க நேரமில்லை.

சண்முகம்: 45 என்ன சார் பெரிசு? நேற்று இங்கேயே 105 என்று பேப்பரில் போட்டிருந்தார்களே.

சார்: அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் 41 கூட வராது. அதுவும் நிழலில் அளந்தது. வெப்பமானியைக் காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அளப்பார்கள்.

சண்முகம்: அந்தப் பெட்டிக்கு நிழல், நமக்கு வெயிலா? நல்ல கதை. (கால் மாற்றி நிற்கிறார்) சரி சார், இடி விழுந்தால் என்ன செய்வது? என்னிடம் இருப்பதெல்லாம் இரும்புக் குழாய்.

சார்: மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பி. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் எல்லோரும் வீட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் மேலே ஏறக்கூடாது.

சண்முகம்: ஆசாரி ஒரு காதுதான் குத்தி முடித்திருக்கிறார் என்றால்?

சார்: இன்னொரு காது கீழே.

சண்முகம்: முகூர்த்தம் எத்தனை மணிக்கு சார்?

சார்: காலை ஒன்பதிலிருந்து பத்தரை.

சண்முகம்: அட! மதியத்துக்கு மேல்தான் மேகமே திரளும் என்றீர்கள். அதற்குள் பந்தி முடிந்து, பந்தலையே பிரித்து வண்டியில் ஏற்றியிருப்பேனே. இத்தனை நேரம் எதற்காகக் காலைச் சுட்டுக்கொண்டு நிற்கிறோம்?

சார்: சம்பந்தி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக் காபியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். தூங்குவதும் பந்தலிலேதான்.

சண்முகம்: அவரை முதலிலேயே கணக்கில் சொல்லியிருக்க வேண்டாமா? தென்னங்கீற்று போட்டுவிடுகிறேன், வெயிலுக்குக் குளுமை. மேலே தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி வைக்கிறேன், இருட்டிக்கொண்டு வந்தால் ஓர் இழுப்பு.

சார்: இப்போது சொன்னாயே, இது பேச்சு. சனிக்கிழமை இரவுக்குள் முடித்துவிடுவாய் அல்லவா? வரலாம், போகலாம் என்று இழுக்காமல் உறுதியாகச் சொல்.

(சண்முகம் தன் கைப்பேசியை எடுத்து, சாரைப் போலவே எட்டப் பிடித்துக்கொள்கிறார்.)

சண்முகம்: "சனிக்கிழமை மாலை அல்லது இரவு நேரத்தில், இந்த மாடியின் ஓரிரு இடங்களில் பந்தல் போடப்படக்கூடும். அட்வான்ஸ் வராத பட்சத்தில், பொதுவாக வறண்ட வானிலையே நிலவும்."