ரெண்டு சீட்டும் ஒரு கேன் தண்ணியும்

(இடம்: கலிஃபோர்னியா, எல் செரிட்டோவில் ஒரு வீட்டு வாசல். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை மதியம். 2004 மாடல் பி.எம்.டபிள்யூ இசட் 4, துணிக் கூரையை (டாப்) மடித்துத் திறக்கும் இரண்டு சீட்டு கார், டாப்பைத் திறந்துபோட்டு நிற்கிறது. நிறம் சிவப்பு. விற்பவர் ரிப்பேர் பில்களைத் தேடி உள்ளே போயிருக்கிறார். ரகு கார் வாங்க வந்தவன். மீனா, அவன் அண்ணி. கார் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டர் வேலை. அண்ணி கையில் பால் கேன் ஒன்று. அதில் பால் இல்லை.)

ரகு: அண்ணி, இதைத்தான் வாங்கறேன். முடிவு பண்ணியாச்சு.

அண்ணி: எதை வச்சு முடிவு பண்ணே?

ரகு: சிவப்பு.

அண்ணி: சரி. பானெட் மேல கை வச்சுப் பாரு.

ரகு: ஆ! சுடுது. வெயில்ல நிக்குதுல்ல.

அண்ணி: வெயில் நம்ம கேம்ரி மேலயும்தான் அடிக்குது. குனிஞ்சு முன்பக்க க்ரில் கிட்ட கையைக் காட்டு. அனல் வருதா? நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்காரு. ராத்திரி முழுக்க ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் சங்கதி வெளிய வரும். நீலப் புகை, டிக் டிக்னு சத்தம், நிக்கும்போது எஞ்சின் வேகம் ஏறி இறங்கறது எல்லாம் அந்த முதல் ரெண்டு நிமிஷம்தான். சூடாயிட்டா பாதி மறைஞ்சிடும்.

ரகு: மனுஷன் அன்பா சூடு பண்ணி வச்சிருப்பாரு அண்ணி.

அண்ணி: காபியா, சூடா குடுக்கறதுக்கு? டாப்பை மூடு.

ரகு: இப்பவேவா? திறந்து வச்சாத்தானே அழகு!

அண்ணி: அழகை அவர் காட்டட்டும். நாம மூடிப் பார்ப்போம். பட்டனை விடாம அழுத்து. புதுசுல பத்து செகண்ட்ல வேலை முடியும்.

(டாப் முனகிக்கொண்டு எழுகிறது. பாதியில் நின்று யோசிக்கிறது. பிறகு மூடுகிறது.)

ரகு: மூடிடுச்சு!

அண்ணி: இருபத்தஞ்சு எண்ணியிருக்கேன். சத்தம் எங்கேர்ந்து வந்துது கேட்டியா? டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, அடியாழத்துலேர்ந்து. அங்கதான் ஹைட்ராலிக் மோட்டார் உக்காந்திருக்கு. இப்ப தள்ளு.

(கேனைத் திறக்கிறாள்.)

ரகு: அண்ணி! அவர் பார்த்தா?

அண்ணி: தண்ணி ஊத்திப் பார்க்கலாமான்னு கேட்டேன், தாராளமான்னாரு. எங்க ஊத்துவேன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. கதவுக்குப் பின்னாடி, துணி டாப் பாடியைத் தொடற மூலை இருக்கு பாரு. முதல்ல வலது பக்கம், ஒரு டம்ளர் அளவு. அடியில எட்டிப் பாரு.

ரகு: சொட்டுது... கொட்டுது.

அண்ணி: நல்லது. இப்ப இடது பக்கம், அதே ஒரு டம்ளர்.

ரகு: வரல. இன்னும் வரல. அண்ணி, கார் தண்ணியைக் குடிச்சிடுச்சு.

அண்ணி: கார் குடிக்கல. மோட்டார் குடிச்சிருக்கு. இதுக்கு மேல ஊத்தக்கூடாது. டாப்புல விழற மழைத்தண்ணி அந்த மூலையில இறங்கி ஒரு குழாய் வழியா கீழ போகணும். இலை தழை சேர்ந்து குழாய் அடைச்சிட்டா தண்ணி மோட்டார் இருக்கற பள்ளத்துல தேங்கும். இந்த மாடல்ல, 2003-லேர்ந்து 2008 வரைக்கும், மோட்டாரை அந்தப் பள்ளத்தோட அடியிலயே வச்சிருக்கான். மோட்டாரை மட்டும் கழட்டணும்னாலும் டாப்பைத் தூக்கணும். பார்ட் விலையை விட கூலி கடிக்கும். விவரம் தெரிஞ்ச மெக்கானிக்னா புது மோட்டாரை டிக்கிக்குள்ள மாத்தி வச்சுடுவான், மறுபடி முழுகாது.

ரகு: ஆனா உள்ள காய்ஞ்சுதானே இருக்கு? வாசனை கூட நல்லாருக்கு.

அண்ணி: ஆகஸ்ட்ல காயாம? இங்க ஜூன் மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழை எட்டிப் பார்க்கறது அபூர்வம். கன்வெர்ட்டிபிள் விக்கறவங்க எல்லாம் கோடையில விப்பாங்க. வாங்கினவனுக்கு நவம்பர்ல தெரியும். அந்த வாசனை கண்ணாடியில தொங்குற அட்டையோடது, மூணு தொங்குது. சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாரு.

ரகு: (முகர்ந்து) ...நனைஞ்ச சாக்கு.

அண்ணி: ம்ம். கதவைத் திற, மெதுவா. கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் கீழ இறங்கிச்சா?

ரகு: இறங்கலையே.

அண்ணி: ஃப்ரேம் இல்லாத கண்ணாடி திறக்கும்போது கொஞ்சம் இறங்கணும், மூடினதும் ஏறி ரப்பர்ல உக்காரணும். இல்லைன்னா ரப்பர் கிழியும். அறுபது மைல் வேகத்துல விசில் கேக்கும். பாட்டு போட வேண்டாம்.

ரகு: டயராவது புதுசு மாதிரி இருக்கு. பட்டன் எல்லாம் அப்படியே!

அண்ணி: ஓடாத காரோட டயர் தேயாது, ஆனா வயசாகும். பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு (DOT) போட்டு கடைசியில நாலு நம்பர் இருக்கும், படி.

ரகு: 1-4-1-6.

அண்ணி: 2016-ஆம் வருஷம், பதினாலாவது வாரம். ரப்பர் கல்லாயிருக்கும், ஈரத்துல வழுக்கும். பின் டயர் அகலம், முன் டயர் குறுகல். அதனால மாத்தி மாத்திப் போட்டும் ஓட்ட முடியாது. ரன்ஃப்ளாட் வேற, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர், அதனால ஸ்டெப்னியே கிடையாது.

ரகு: இதுக்கு மேல ஜெர்மன் காரைக் குறை சொல்லாதீங்க அண்ணி.

அண்ணி: சேசிஸ் நம்பர் 4-ல ஆரம்பிக்குது பாரு. சவுத் கரோலைனாவுல செஞ்சது.

ரகு: (போனை எடுத்து) சரி, இது வேண்டாம். இது பாருங்க. போர்ஷே பாக்ஸ்டர், 2002. இதே விலைதான். போர்ஷே அண்ணி, போர்ஷே!

அண்ணி: அதுல பாதிக்கு மேல ஃபின்லாந்துல பண்ணினது, விடு. ஐ.எம்.எஸ். பேரிங் மாத்தியாச்சான்னு எழுதியிருக்கா?

ரகு: "ஓட்டினா தெய்வீகம்"னு எழுதியிருக்கு.

அண்ணி: பேரிங் உடைஞ்சா அதே தெய்வத்துக்கிட்டதான் போகணும். எஞ்சினுக்குள்ள கேம்ஷாஃப்ட்டைச் சுத்த வைக்கற இடைத்தண்டோட ஒரு முனையில அந்த பேரிங் இருக்கு. 2000 வாக்குல பேரிங் குண்டை ஒத்தை வரிசையா மாத்தினான், 2005 வரைக்கும் அதுதான். எல்லாக் கார்லயும் உடையறதில்ல. ஆனா உடைஞ்சா இரும்புத்தூள் ஆயில்ல கலந்து மொத்த எஞ்சினும் போச்சு. க்ளட்ச் மாத்த எப்படியும் கியர்பாக்ஸை இறக்கணும்ல, அப்பவே பேரிங்கையும் மாத்திடுவாங்க. அதுக்கு பில் இருக்கான்னு கேளு. இல்லைன்னா ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சுப் பார்க்கணும். மினுக் மினுக்னு தூள் இருந்தா ஓடி வந்துடு.

ரகு: 2007 மாடல் வாங்கினா?

அண்ணி: அதுல பேரிங் பெருசு, உடையறது அபூர்வம். ஆனா மாத்தணும்னா எஞ்சினையே ரெண்டா பிளக்கணும். 2009-லேர்ந்து எஞ்சின் புதுசு, அந்தத் தண்டே கிடையாது. துட்டு இருந்தா அந்த 2009 பாக்ஸ்டரைக் கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

ரகு: துட்டு பன்னெண்டாயிரம் டாலர்தான்.

அண்ணி: அப்ப கண்ணைத் திறந்துக்கோ. இன்னொண்ணு, இந்தப் பழைய பாக்ஸ்டர்லயும் தண்ணிக் குழாய் அடைக்கும். அங்க மோட்டாருக்குப் பதிலா சாவியை அடையாளம் பார்க்கற கம்ப்யூட்டர் பெட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கும். முழுகிச்சுன்னா சாவி போட்டா யாரு நீங்கன்னு கேக்கும்.

ரகு: அப்ப துணி டாப்பே வேண்டாம். இரும்பு டாப்! மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. 350, 2006. கழுத்துக்கிட்ட வெந்காத்து வேற அடிக்குமாம்.

அண்ணி: ஏர்ஸ்கார்ஃப். ஹெட்ரெஸ்ட்லேர்ந்து பிடரியில ஊதும். நல்ல யோசனைதான், சான் ஃப்ரான்சிஸ்கோ ஆகஸ்ட் மூடுபனிக்கு அதுதான் மரியாதை. ஆனா அந்த வருஷத்து வி6 எஞ்சின்ல அதிர்வைக் குறைக்கற பேலன்ஸ் ஷாஃப்ட்டோட பல்சக்கரம் மெத்து இரும்பு, சீக்கிரம் தேயும். காரோட கம்ப்யூட்டரைப் படிக்கற ஸ்கேனர்ல 1200 அல்லது 1208னு எரர் கோடு வந்தா அதுதான். சின்னச் சக்கரம், ஆனா எஞ்சினை வெளிய எடுத்தாத்தான் கை போகும். 2006 கடைசிக்கு அப்புறம் வந்த எஞ்சின்ல சரி பண்ணிட்டான். காரோட வருஷத்தை நம்பாதே, எஞ்சின் நம்பரைப் பார்த்துக் கேளு.

ரகு: டாப்?

அண்ணி: 22 செகண்ட்ல மடிஞ்சு டிக்கிக்குள்ள போயிடும். டிக்கியில உன் ஆபீஸ் பை இருந்தா மடிஞ்ச டாப்புக்கு அடியில ஒடுங்கணும். உள்ள இருக்கற தடுப்புத் திரையை இழுத்து மாட்டலைன்னா டாப் அசையவே அசையாது. "டாப் வேலை செய்யல, விலை கம்மி"ன்னு விக்கறவன்ல சிலருக்கு அது மட்டும்தான் கோளாறு. போய் திரையை மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேரம் பேசு. அது இல்லைன்னா ஹைட்ராலிக் சிலிண்டர் சீல் ஒழுகலாம். முன்கண்ணாடி மேல் விளிம்புல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு தடவிப் பாரு.

ரகு: அண்ணி, உலகத்துல நல்ல காரே கிடையாதா?

அண்ணி: இருக்கே. இதே இசட் 4-ல 2006-லேர்ந்து 2008, 3.0 எஸ்.ஐ. எஞ்சின் பேரு என் 52. டர்போ கிடையாது, ஆயிலும் இந்தப் பழசு மாதிரி குடிக்காது. தினம் ஆபீஸுக்கு ஓட்ட அதைத்தான் சொல்வேன்.

ரகு: கோளாறே இல்லையா?

அண்ணி: அது கார்தாண்டா, சாமி படமில்ல. வாட்டர் பம்ப் கரண்ட்ல ஓடறது. சொல்லாம கொள்ளாம நிக்கும். எண்பதாயிரம் மைல் தாண்டியிருந்து மாத்தலைன்னா, தெர்மோஸ்டாட்டோட சேர்த்து மாத்திடு. அங்க கழட்டற அலுமினிய போல்ட்டை மறுபடி போடக்கூடாது, புதுசுதான். அப்புறம் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட். சின்ன ரப்பர், ஒழுகினா என்னன்னு விட்டுடுவாங்க. ஆயில் நேரா பெல்ட்ல சொட்டும், பெல்ட் நழுவும். நழுவின பெல்ட் நார் நாராக் கிழிஞ்சு க்ராங்க் முன் சீல் வழியா எஞ்சினுக்குள்ள போயிடும். சும்மா கிடந்த ரப்பருக்காக எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டியைக் கழட்டி நூல் பொறுக்கணும்.

ரகு: டாப் மோட்டார்?

அண்ணி: அதே இடம், அதே பள்ளம். அதான் கேன் கூட வரும். டெஸ்ட் டிரைவ் தெருவைச் சுத்திட்டு வர்றதில்ல. அரை மணி நேரம் ஹைவேல, வெயில் நேரத்துல. ஸ்டியரிங் நடுவுல ஒட்டிக்கிட்டு, லேசாத் திருப்பும்போது வெடுக்குனு விடுதான்னு பாரு. இந்த மாடலோட கரண்ட் ஸ்டியரிங்குக்கு அந்த வியாதி உண்டு. சூடானாத்தான் வரும்.

ரகு: எஞ்சின் ஆறியிருக்கணும், ஸ்டியரிங் சூடாயிருக்கணும்.

அண்ணி: காலைல போய் ஸ்டார்ட் பண்ணு, மத்தியானம் வரைக்கும் ஓட்டு. ஸ்மாக் சர்டிஃபிகேட், அதான் புகைப் பரிசோதனைச் சான்று, விக்கறவர்தான் எடுத்துத் தரணும், 90 நாளைக்குள்ள எடுத்ததா இருக்கணும். உன் ஸ்கேனர்ல மானிட்டர் எல்லாம், அதாவது கார் தன் புகையைத் தானே சோதிக்கறது எல்லாம், "ரெடி"யான்னும் பாரு. நிறைய "ரெடி இல்ல"ன்னு வந்தா நேத்து ராத்திரிதான் எரர் கோடுகளை அழிச்சிருக்காங்க.

ரகு: இவ்வளவும் பண்ணி ரெண்டே சீட்டு. அம்மா கேப்பாங்க, லாபம் என்னன்னு.

அண்ணி: இருக்கு. இந்த 80-ஆம் நம்பர் ஹைவேல, பல பேர் சேர்ந்து போற காருக்குன்னு விட்டிருக்கற கார்பூல் லேனுக்கு மூணு பேர் வேணும்ல? ரெண்டே சீட்டு வச்சுத் தயாரான கார்ல ரெண்டு பேர் போனாலே போதும். பெரிய வேன் வச்சிருக்கவன் மூணாவது ஆளைத் தேடிட்டு நிப்பான்.

ரகு: அப்ப ரெண்டாவது ஆளு?

அண்ணி: உங்க அண்ணன். அவருக்கும் ஆபீஸ் அங்கதானே.

ரகு: வண்டில ஏறினதும் குறட்டை விடுவாரு அண்ணி!

அண்ணி: டாப்பைத் திறந்துடு. காத்தோட போயிடும். வீட்டுல எனக்கு அந்த வசதி கிடையாது.

(விற்பவர் பில் கட்டோடு வருகிறார். அண்ணி ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். வாஷ், பாலிஷ், மெழுகு, வாஷ், சீட்டுக்கு உறை, மறுபடி பாலிஷ். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்கிறாள். இருவரும் கேம்ரியில் ஏறுகிறார்கள்.)

ரகு: நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு இருக்கு அண்ணி. 2007, 3.0 எஸ்.ஐ., மேனுவல் கியர், வாட்டர் பம்ப் மாத்தின பில் போட்டோவே போட்டிருக்காரு. பதிமூணு கேக்கறாரு.

அண்ணி: பில்லைப் போட்டோ எடுத்துப் போடற ஆளா? நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வர்றோம், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு மெசேஜ் போடு.

ரகு: (தட்டச்சு செய்தபடி) போட்டாச்சு.

அண்ணி: காட்டு. ...டேய். "சிவப்புல வேற இருக்கா"ன்னு எதுக்குடா கேட்டே?