கழட்டிச் சுத்தம் பண்ணச் சொன்னா தகரம் வெட்டி அடைச்சிருக்கான்

என் டீசல் காரைப் பட்டறையில விட்டுட்டு நான் சொன்னது ஒரே ஒரு வரி. "தம்பி, இஜிஆர் வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டிக் குடுங்க." இஜிஆர்ங்கறது எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளயே விடற அமைப்பு, அதோட கதவுதான் இந்த வால்வு. இதுல எது புரியல? கழட்டறதா, சுத்தம் பண்றதா, மாட்டறதா? ரெண்டு நாளா ராத்திரி தூக்கம் வராம இதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன். பில்லுல "இஜிஆர் சர்வீஸ் 3,200"ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சாவியைக் குடுத்து, "சூப்பரா இருக்குங்ண்ணா, எடுத்துட்டுப் போங்க"ன்னு சிரிச்ச முகமா அனுப்பி வெச்சான். நானும் நம்பி எடுத்துட்டு வந்தேன்.

மறுநாள் காலையில அம்மாவைக் கூட்டிட்டுப் பொள்ளாச்சி கிளம்பறேன். பெரியம்மா வீட்டுல விசேஷம். ஈச்சனாரி தாண்டினதும் ஒரு கருகின வாடை. முன்னாடி போற லாரியோட புகைதான்னு நெனச்சு அதை ஓவர்டேக் பண்ணினேன். வாடை போகல. இன்னொரு பஸ். அதையும் தாண்டினேன். அப்பவும் போகல. அம்மா முந்தானையை மூக்குல வெச்சுட்டு, "கண்ணு, வெளிய இருந்து வரல, நம்ம வண்டிக்குள்ள இருந்துதான் வருது"ங்கறாங்க. அம்மாவுக்கு இளைப்பு இருக்கு. பைக்குள்ள கை விட்டு பம்ப்பைத் தேடறாங்க. அதே நேரம் மீட்டர்ல மஞ்ச லைட்டு, எஞ்சின் படம் போட்டது, பளிச்சுனு எரியுது. எந்த லைட்டை அணைக்கறதுக்குன்னு வண்டியை விட்டேனோ, அதே லைட்டு.

கிணத்துக்கடவுல ஒரு வேப்பமரத்தடியில ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன். அங்கதான் பாத்தேன். வால்வுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவுல தகரம். ஏதோ ஆயில் டின்னைக் கத்தரியில வெட்டி, ரெண்டு ஓட்டை போட்டு, போல்ட்டுக்கு நடுவுல சொருகியிருக்கான். ஒரு மூலை வெளிய துருத்திட்டு நிக்குது, அதுல மஞ்ச பெயிண்ட்டு இன்னும் ஒட்டிட்டு இருக்கு. புகை கசியாம நடுவுல வெக்கற பேக்கிங்கூட புதுசு போடல. அதனால இடுக்கு வழியா புகை பீச்சி, பக்கத்துல இருக்கற அலுமினியத்து மேல விசிறி விரிச்ச மாதிரி கன்னங்கரேல்னு கரி. அந்தப் புகைதான் ஏசி காத்தோட உள்ள வந்து எங்கம்மா நெஞ்சுக்குள்ள போயிருக்கு.

போன் போட்டேன். எடுத்தான். அப்படியே எழுதறேன்.

"தம்பி, வால்வுல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அடைச்சுட்டேங்ண்ணா. இனி தொல்லையே இல்ல."

"அடைக்கச் சொன்னனா?"

"எல்லாரும் அதான்ங்ண்ணா பண்றாங்க."

"நான் சொன்னனா?"

"சுத்தம் பண்ணினா மறுபடி ஆறு மாசத்துல கரி பிடிக்கும்ங்ண்ணா. இது பர்மனன்ட்டு. பிக்கப்பு ஏறும், மைலேஜ் ரெண்டு கிலோமீட்டர் சேத்திக் கெடைக்கும்."

"மஞ்ச லைட்டு எரியுதே?"

"ஸ்கேனர் போட்டு அழிச்சுத்தானுங்ண்ணா குடுத்தேன். மறுபடி கொண்டாங்க, ரீமேப் பண்ணி அந்த எர்ரரே வராம பண்ணிடலாம். 8,000 ஆகும்."

கேட்டீங்களா? என்னைக் கேக்காம என் வண்டியை ஊனமாக்கிட்டு, அந்த ஊனத்தை வண்டியே சொல்லாம வாயைக் கட்டறதுக்கு 8,000. ரெண்டாவது பட்டறையில ஸ்கேனர் போட்டப்ப வந்த கோடு பி0401. இஜிஆர் வழியா போதுமான புகை போகலைன்னு அர்த்தம். எப்படிப் போகும்? குறுக்க தகரம் நிக்குது! வண்டி சரியாத்தான் சொல்லுது. அதோட வாயை அடைக்கறதுக்குப் பேரு ரிப்பேரா?

பிக்கப்பு ஏறும்ங்கறாங்களே, அதுல இருந்து ஆரம்பிக்கறேன். ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா நல்லா இருக்கற இஜிஆர் வால்வு தானே மூடிக்கும். எஞ்சினுக்கு அப்ப காத்து முழுசா வேணும்னு ஈசிஎம்முக்கு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வால்வு திறக்கறது குறைஞ்ச லோடுல, சீரா ஓடும்போது. அப்ப எக்ஸாஸ்ட்டு வாயுவுல கொஞ்சத்தைக் கூலர் வழியா ஆற வெச்சு மறுபடி எஞ்சினுக்குக் காத்து போற இன்டேக்குக்கு அனுப்புது. ஆக்சிஜன் குறையுது, எரியற சூடு குறையுது, நைட்ரஜன் ஆக்சைடு உண்டாறது குறையுது. அடைச்சதும் "வண்டி பறக்குது"ன்னு சொல்றவங்க வண்டியில வால்வு திறந்தபடி கரியில சிக்கிக் கெடந்திருக்கும். சிக்கினதை விடுவிச்சிருந்தாலே அதே மாதிரிதான் பறந்திருக்கும்.

சுத்தம் பண்ணினா மறுபடி கரி பிடிக்கும்தான். யாரு இல்லைன்னது? புகைக் கரியும் எஞ்சின் பிரீத்தர்ல இருந்து வர்ற ஆயில் ஆவியும் சேந்தா தார் மாதிரி ஆகும். தினமும் மூணு கிலோமீட்டர் ஸ்கூலுக்குப் போய் எஞ்சின் சூடு ஏறறதுக்குள்ள அணைச்சா இன்னும் மோசம். ஆனா 92,000 கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு அளவுக்கு மீறி ஏன் கரி பிடிச்சுதுன்னு ஒரு கேள்வி வரணுமில்ல? அந்தப் பட்டறையில ஒருத்தர் வாயிலயும் அந்தக் கேள்வி வரல. பாத்ததும் தகரம். காய்ச்சல்னு போனவனோட தெர்மாமீட்டரை உடைச்சு அனுப்பின கதை.

ரெண்டாவதா போன இடத்துல ஒரு பெரியவர். கையில வாங்கினதும் வால்வைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஸ்க்ரூ டிரைவர் முனையால உள்ள சுரண்டினார், கரி பாளம் பாளமா பேப்பர்ல விழுந்துச்சு. கிளீனர் அடிச்சு, பிரஷ் போட்டு, துடைச்சு, மறுபடி அடிச்சு, முக்கால் மணி நேரம். அப்புறம் கட்டைவிரல்ல அமுக்கினார். கிளிக்குனு போய் கிளிக்குனு திரும்பி வந்துச்சு. "வால்வுக்கு ஒண்ணும் ஆகலைங்க. கரி வந்த காரணம் வேற எங்கயோ இருக்கு"ன்னுட்டு வண்டிக்குக் கீழ படுத்தார். இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப்புக்கு அடியில சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. டர்போ தள்ளற காத்து பாதி வெளிய போகுது, எஞ்சினுக்குக் காத்து பத்தாம டீசல் சரியா எரியாம புகை, அந்தப் புகையில கரி, அந்தக் கரியில வால்வு சிக்கிடுச்சு. ஹோஸ் 850 ரூபாய். புது பேக்கிங், கூலி எல்லாம் சேத்தாலும் 2,000 தாண்டல. இவ்வளவுதான்யா வேலை! இதுக்குத்தான் எங்கம்மாவை ரோட்டோரத்துல உக்கார வெச்சு மூச்சு வாங்க வெச்சீங்க.

அந்த நைட்ரஜன் ஆக்சைடைப் பத்திப் பேசினா போதும், எல்லாரும் "ரோட்டுல அவ்வளவு வண்டி போகுது, உங்க ஒரு வண்டியாலயா?"ங்கறாங்க. 2017ல நாடு முழுக்க வந்த பிஎஸ்4ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதியில டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரைக்கும் விட்டாங்க. 2020ல பிஎஸ்6ல அதை 80க்கு இறக்கினாங்க. இந்த அளவுக்குள்ள நிறுத்தறதுக்கு இருக்கற வழிகள்ல ஒண்ணுதான் இந்த வால்வு. என்னோடது 2018 வண்டி. அதுல இஜிஆரைத் தவிர இந்த வேலைக்கு வேற எதுவும் இல்ல. அதையும் அடைச்சா மிச்சம் என்ன இருக்கு? நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிக்கும். வெயில்ல மத்த வாயுக்களோட சேந்து ஓசோன் ஆகும். காத்துல மிதக்கற நுண்துகளாவும் மாறும். எங்கம்மாவை மாதிரி இளைப்பு இருக்கறவங்களுக்கு அதுதான் முதல் எதிரி. சைலன்சர்ல கண்ணுக்குத் தெரியற மாதிரி எதுவும் வராது. கரும்புகை குறைஞ்சதும் வண்டி சுத்தமாயிடுச்சுன்னு நம்பிடறாங்க.

இதுல எனக்கு வயித்தெரிச்சலே பொல்யூஷன் டெஸ்ட்டுதான். டீசல் வண்டிக்கு என்ன பாக்கறாங்க? ஆக்சிலேட்டரை மிதிச்சு, புகை எவ்வளவு அடர்த்தின்னு மட்டும் பாக்கறாங்க. நைட்ரஜன் ஆக்சைடை அளக்கறதே இல்ல. இஜிஆரை அடைச்ச வண்டி அந்த டெஸ்ட்டுல நல்லாவே பாஸாகும். போன்ல அவன் சொன்னான், "சர்டிபிகேட் எல்லாம் ஈஸியா கெடைக்கும்ங்ண்ணா"ன்னு. அது உண்மைதான். அதுதான் எனக்குத் தாங்கல. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. யாருக்கு? வண்டி ஓனருக்கு! தகரம் வெட்டினது அவன், எனக்குத் தெரியவே தெரியாது, மாட்டினா நான். பட்டறைக்காரன் அப்பவும் அடுத்த வண்டிக்குத் தகரம் வெட்டிட்டு இருப்பான்.

பிஎஸ்6 வண்டி வெச்சிருக்கறவங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், யாரு சொன்னாலும் இதைப் பண்ணிடாதீங்க. இஜிஆர் எர்ரர் அழியாம அப்படியே இருந்தா பல வண்டிகள்ல டிபிஎஃப், அதாவது புகையில இருக்கற கரியைப் பிடிக்கற ஃபில்டர், தன்னைத்தானே எரிச்சுச் சுத்தம் பண்றதை நிறுத்திக்கும். அப்புறம் அது அடைச்சு வண்டி இழுக்காம நிக்கும். "டிபிஎஃப்பையும் குடைஞ்சு எடுத்துடலாம்ங்ண்ணா"ம்பான். அதுக்கும் ஒரு ரேட்டு வெச்சிருப்பான்.

வண்டி பண்றவங்களையும் விட மாட்டேன். சுத்தம் பண்ணியே ஆகவேண்டிய ஒரு பொருளை எஞ்சினுக்குப் பின்னாடி, கை போகாத சந்துல, நாலு பைப்பைக் கழட்டினாத்தான் போல்ட்டே தெரியற இடத்துல வெச்சா, எந்தப் பையன் பொறுமையாக் கழட்டுவான்? இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாக்கணும்னு சர்வீஸ் அட்டவணையில ஒரு வரி போட்டிருக்கீங்களா? என் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரைக்கும் புரட்டிட்டேன். இல்ல.

அந்தத் தகரத்தைப் பெரியவர் என் கையில குடுத்தார். பேப்பர்ல சுத்தி டேஷ்போர்டுல வெச்சிருக்கேன். நாளைக்கு அந்தப் பட்டறைக்குப் போய் அவன் மேசையில வெச்சு, 3,200ஐ எண்ணி வாங்கிட்டுத்தான் வருவேன்.

இதை எழுதறதுக்கு முன்னாடி டயருக்குக் காத்து பிடிக்கலாம்னு பங்க்குக்குப் போனேன். குனிஞ்சு பாத்தா வால்வு மூடி இல்ல. அடுத்த வீல்ல பாத்தேன், இல்ல. சுத்தி வந்து பாத்தேன். நாலு வீல்லயும் இல்ல. வண்டியை விடறதுக்கு முந்தின நாள் என் கையால முறுக்கி மூடினது. இஜிஆருக்கும் டயர் மூடிக்கும் என்னய்யா சம்பந்தம்? அதை எதுக்குடா எடுத்தீங்க? ஒண்ணையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?