ஒப்பந்தத்தைக் காட்டி கோர்ட்டில் வீடு கேட்க முடியாது

ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை ஒப்பந்தத்தில் இலங்கை 1980-லேயே சேர்ந்துவிட்டதால், போரில் வீடிழந்த நம் சொந்தங்கள் அதைக் காட்டியே வழக்குப் போடலாம் என்று தம்பி ஒருவர் எழுதியிருப்பது தவறு. சேர்ந்தது உண்மைதான். ஆனால் உள்நாட்டுச் சட்டமாக்காத ஒப்பந்தம் அங்கே கோர்ட்டில் செல்லாது. அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரை உணவு, உடை, வீடு என்று சொல்கிறது. 29-ஆம் உறுப்புரை அதை வைத்து வழக்குப் போட முடியாதபடி அடைத்துவிடுகிறது.

திறந்திருப்பது அதே அரசியலமைப்பின் 12(1)-ஆம் உறுப்புரை, சமத்துவ உரிமை. பக்கத்துக் குடும்பத்துக்கு வீட்டுத்திட்டம் கொடுத்துவிட்டு, அதே தகுதியுள்ளவரைக் காரணமில்லாமல் ஒதுக்கினால், 126-ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பு உச்ச நீதிமன்றம் போகலாம். கெடு ஒரே மாதம். பாவம், பலர் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) மனு மேல் மனு எழுதியே அதைத் தவறவிடுகிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் வராது (1996-இன் 21-ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). முறைப்பாட்டு எண் உள்ள கடிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். விசாரணை நடந்ததற்கான சான்றையும் கோர்ட் கேட்கும்.

மலேசியா அந்த ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. ஆனாலும் நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு), தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் 1990-இன் 446-ஆம் சட்டம் இருக்கிறது. வீட்டுத் தரம் குறைந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.