ஓனோவை 'டான்ஸ் ஷோ ஆள்' என்று எழுதியவர்களுக்கு

நேற்றிலிருந்து எல்லாச் சுவரிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். லிங்க் தரப்போவதில்லை. அமெரிக்க ஐஸ் ஸ்கேட்டிங் வீரர் அப்போலோ ஓனோ வெறும் டான்ஸ் ஷோ ஆளாம். புகழுக்கு அலைந்து, டிவிக்குப் போய்க் கெட்டுப்போனவராம். அவருடைய ஒலிம்பிக் தங்கம் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

அவர் ஆடிய ஷார்ட் டிராக், அதாவது சின்னச் சுற்றில் நடக்கும் ஸ்கேட்டிங் ஓட்டப்பந்தயம், எப்படி நடக்கும் ஆட்டம் என்று தெரியாமல் ஓனோவின் பதக்கங்களை எடைபோட முடியாது. இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

60க்கு 30 மீட்டர் பனித்தளம். அதற்குள் 111.12 மீட்டர் சுற்று. ஆளுக்கொரு தடம் கிடையாது, எல்லாரும் ஒரே கும்பலாக ஓடுவார்கள். வேகம் பிடித்துவிட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்பது விநாடிதான். திருப்பத்தில் உடம்பு மொத்தமும் உள்பக்கம் சாய, இடது கை விரல் நுனி பனியை உரசிக்கொண்டே போகும். அந்தக் கையுறையின் நுனிகளில் கெட்டியான பிசின் முனைகள் இருக்கும். வெறும் துணியாக இருந்தால் பனியில் பிடித்துக் கையை இழுத்துவிடும்.

பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதை ஸ்கேட்டிங் காலணியின் நடுவில் பொருத்த மாட்டார்கள், இடப்பக்கம் தள்ளித்தான் பொருத்துவார்கள். அப்படிச் செய்யாவிட்டால், சாயும்போது காலணியின் ஓரம் பனியில் பட்டு பிளேடு எழும்பிவிடும். அடுத்த நொடி ஆள் சுவரோரப் பஞ்சுத் திண்டில் இருப்பார். பிளேடையும் திருப்பத்தின் பக்கமாக இலேசாக வளைத்திருப்பார்கள். வளைவு கூடினால் நேர்ப்பகுதியில் கால் உள்ளே இழுக்கும். குறைந்தால் திருப்பம் முடியும் இடத்தில் வெளியே ஒதுக்கும், அந்த இடைவெளியில் பின்னால் வருபவர் புகுந்துவிடுவார். இரண்டு பிளேடையும் சட்டத்தில் பூட்டிக் கல்லால் தீட்டுவார்கள். பிறகு ஓரத்தில் நிற்கும் பிசிரைச் சின்னக் கல்லால் வழித்தெடுக்க வேண்டும். பிசிர் மிச்சமிருந்தால் திருப்பத்தில் விளிம்பு பிடிக்காது. முந்தைய ஓட்டங்கள் பனியைக் கீறிவிடும் என்பதால்தான் ஓட்டத்துக்கு ஓட்டம் வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், திருப்பத்துக் கட்டைகளை நகர்த்தி வைக்கிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் எங்கே நிற்பது என்ற கேள்வி மிச்சமிருக்கும். முன்னால் போனால் வழி உங்களுடையது, காற்றும் உங்கள் மேல்தான். கடைசியில் நின்றால் மூச்சு மிஞ்சும், ஆனால் முந்த வெளிப்பக்கம் சுற்றி வர வேண்டும், தூரம் கூடும். 1500 மீட்டர் என்பது பதின்மூன்றரைச் சுற்று. ஓனோ பெரும்பாலும் பின்னால் கிடந்து, கடைசிச் சில சுற்றுகளில் ஒவ்வொருவராகத் தாண்டி வருவார். அவருடைய கணக்கு அது. இதை யோகம் என்று எழுத எப்படி மனசு வருகிறது?

2002, சால்ட் லேக் சிட்டி, பிப்ரவரி 16, 1000 மீட்டர் ஃபைனல். கடைசித் திருப்பத்தில் சீனாவின் லி ஜியாஜுன் வெளிப்பக்கமாக முந்தப் பார்த்து, உரசி விழுகிறார். கொரியாவின் ஆன் ஹ்யூன்-சூ விழுகிறார். ஓனோவும் கனடாவின் மாத்யூ டர்காட்டும் சேர்ந்து சரிகிறார்கள். வெகு பின்னால் வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி நின்றபடியே தங்கத்துக்குள் போகிறார். அன்றைக்குக் கைக்கு வந்த தங்கத்தை இழந்தவர் ஓனோ! தொடை கிழிந்த நிலையில் எழுந்து, தாவி, பிளேடைக் கோட்டுக்கு மேல் நீட்டி வெள்ளி எடுத்தார். முடிவுக் கோட்டை யார் எப்போது தாண்டினார் என்று பார்ப்பது பிளேடின் முனையை வைத்துத்தான். விழுந்த நிலையிலும் அவர் காலை நீட்டியது அதனால்தான். காயத்துக்குத் தையல் போட்டு, நாலாம் நாள் 1500 மீட்டருக்கு வந்து நின்றார்.

அந்த 1500 மீட்டர்தான் எல்லாரும் கையில் எடுக்கும் ஆயுதம். கொரியாவின் கிம் டாங்-சங் முதலில் வந்தார். கடைசிச் சுற்றில் ஓனோ உள்பக்கம் புகப் பார்த்தபோது குறுக்கே வந்து மறித்தார் என்று ரெஃப்ரி அவரை நீக்கினார். தங்கம் ஓனோவுக்குப் போனது. அந்தத் தீர்ப்பைப் பற்றி வாதாடலாம், இன்றைக்கும் வாதாடுகிறார்கள். மறித்தது எவ்வளவு, ஓனோ கையைத் தூக்கியது எவ்வளவு என்று இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. ஆனால் விதி இதுதான்: முன்னால் போகிறவருக்கு வழியில் உரிமை உண்டு, முந்துகிறவரை மறிக்கத் தடம் மாறும் உரிமை கிடையாது. கொரியா விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனது, தீர்ப்பு மாறவில்லை. தீர்ப்பு சொன்னவர் ரெஃப்ரி. மிரட்டல் அஞ்சல்கள் வந்ததோ பத்தொன்பது வயதுப் பையனுக்கு. அதே ஆண்டு ஜூனில் உலகக்கோப்பைக் கால்பந்தில் அமெரிக்காவுக்கு எதிராகக் கோல் போட்ட ஆன் ஜங்-ஹ்வான், ஸ்கேட்டிங் செய்வதுபோல் ஆடிக் காட்டினார். அந்த அளவுக்கு ஆறாத கோபம்.

அதே விதி ஓனோவையும் வெட்டியிருக்கிறது. அதை ஏன் யாரும் எழுதுவதில்லை? 1500 முடிந்து மூன்றாம் நாள், 500 மீட்டர் செமிஃபைனலில் ஜப்பானின் டெராவோவோடு மோதியதற்காக நீக்கப்பட்டார். 2010 வான்கூவரில் 500 மீட்டர் ஃபைனலிலேயே நீக்கப்பட்டார். கொடுத்ததை மட்டும் எண்ணுகிறீர்கள், எடுத்ததை எண்ண மாட்டேன் என்கிறீர்கள்.

2010இல் 1500 மீட்டர் வெள்ளி, முன்னால் போன கொரியர்கள் ஒருவரை ஒருவர் தட்டிவிட்டதால் கிடைத்தது என்பார்கள். ஆமாம். தட்டி விழும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவருக்குத்தான் அது கிடைக்கும். 2006 டுரினில் 500 மீட்டர், நாலரைச் சுற்று. துப்பாக்கி வெடித்ததிலிருந்து கடைசிவரை அவர்தான் முன்னால். அங்கே யாரும் விழுந்து வழிவிடவில்லை.

இனி அந்த டான்ஸ் விஷயம். டிவிக்குப் போய்க் கெட்டுப்போனார் என்கிறவர்கள் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்' என்ற அமெரிக்க டிவி நடனப் போட்டியில், நடனக் கலைஞர் ஜூலியான் ஹஃப்புடன் ஜெயித்தது 2007. உலக சாம்பியன்ஷிப் ஒட்டுமொத்தப் பட்டத்தை எடுத்தது 2008. அதுவும் கொரியாவின் கங்நுங்கில், அவரை வெறுத்த அதே நாட்டில். வான்கூவரில் மூன்று பதக்கம் 2010. மொத்தம் எட்டு ஒலிம்பிக் பதக்கம், ஆறு வைத்திருந்த அமெரிக்க ஸ்கேட்டிங் வீராங்கனை போனி பிளேரைத் தாண்டிய கணக்கு. ஆட்டத்தை விட்டுவிட்டு டான்ஸுக்குப் போனவர் எங்கே இருக்கிறார் இதில்?

அந்த டான்ஸும் சும்மா வந்ததல்ல. ஷார்ட் டிராக் ஆட்டக்காரர் வருடக்கணக்காக முதுகைத் தரைக்கு இணையாக மடக்கி, முட்டியை ஆழமாக வளைத்து, இடப்பக்கம் மட்டுமே திரும்பிப் பழகியவர். பால்ரூம் நடனத்துக்கு முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தோள் அசையக் கூடாது, இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். உடம்பில் ஊறியதை அவிழ்த்துவிட்டு வேறொன்றை ஏற்ற வேண்டும். அதைச் செய்து முடித்து, மறுபடி பனிக்குத் திரும்பி உலகப் பட்டம் எடுத்திருக்கிறார்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். முடி அலங்காரக் கடை நடத்திய அப்பா யூகி, சியாட்டிலில் தனியாக வளர்த்த பிள்ளை. பதினாலு வயதில் தேசிய சாம்பியன். அடுத்த ஆண்டு, 1998 நகானோ ஒலிம்பிக்குக்கான தேர்வில் கடைசி இடம். அப்பா அவரைத் திட்டவில்லை. கடலோரத்தில் ஒரு குடிலில் தனியாக விட்டுவிட்டு, 'வேண்டுமா வேண்டாமா, நீயே முடிவு செய்' என்ற பொறுப்பைக் கொடுத்துப் போனார். மழையில் ஓடி ஓடி யோசித்து, வேண்டும் என்று அப்பாவுக்குப் போன் செய்தார் பிள்ளை. இப்படி வளர்ந்தவரைத்தான் ஒற்றை வரியில் ஒதுக்கிவிட்டீர்கள்.

புகழுக்கு அலைந்தார் என்பதற்கு நான் நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. பனி விளையாட்டுக்காரர்களை நாலு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டே வாரம்தான் உலகம் பார்க்கிறது. முப்பது வயதுக்குள் கால் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு 'மினிட் டு வின் இட்' என்ற டிவி போட்டி நிகழ்ச்சியை நடத்தினார், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் என்பிசி டிவிக்காக வர்ணனை செய்தார். அதே ஆண்டு ஹவாயில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியைப் பத்து மணி நேரத்துக்குள் முடித்தார். பிழைப்புக்கு அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பதிவை நீக்கச் சொல்லவில்லை. 2007க்கு அடுத்த வரியில் கங்நுங், 2008 என்று சேர்த்து எழுதுங்கள்.