எங்கள் தோப்புக் கோகோவை பிரஷர் மாத்திரை ஆக்காதீர்கள்

போன மாதம் நடந்த தோப்புக்காரர்கள் கூட்டத்து வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுசாகப் பார்த்துவிட்டேன். "தினமும் ரெண்டு துண்டு டார்க் சாக்லேட் சாப்பிடுங்க, பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடுங்க" என்று மேடையில் பேசியவர் சொல்கிற இடத்தில் கூட்டம் கைதட்டுகிறது. அதையும் பார்த்தேன். அதன் கீழே நான் எழுதிய நாலு வரிக்கு வந்த பதில்களையும் பார்த்தேன். "கோகோ வித்த காசுல சோறு தின்னுட்டு கோகோவுக்கே குழி பறிக்கறயா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யாரோ முகம் தெரியாதவர் என்றால் கடந்து போயிருப்பேன். எங்கள் தோப்புக்கு வந்து இளநீர் குடித்துவிட்டுப் போகிறவர்.

நாலு வரியில் சொன்னது புரியவில்லை என்றால் நீளமாகவே சொல்கிறேன். கோகோவில் ரத்தக் குழாய்க்கு நல்லது செய்யும் பொருள் இருக்கிறது. ஆனால் அது மாத்திரைக்கு மாற்று இல்லை. கடையில் விற்கும் சாக்லேட்டில் அந்தப் பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வாங்குகிற யாருக்கும் தெரியாது. நான் எழுதியது இவ்வளவுதான். இதில் எந்த வரி விவசாயிக்கு விரோதம்?

நல்லதையே முதலில் சொல்கிறேன், அதை நான் மறைக்கிறேன் என்றுதானே பேச்சு. கோகோ விதையில் ஃபிளவனால் என்ற பொருட்கள் இருக்கின்றன. அதில் முக்கியமானது எபிகேட்டச்சின். அது உள்ளே போனால் ரத்தக் குழாயின் உள்சவ்வு நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரக்கிறது, குழாய் கொஞ்சம் தளர்ந்து விரிகிறது, ரத்த ஓட்டம் சுலபமாகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2012ல் இதை ஒத்துக்கொண்டது. தினம் 200 மில்லிகிராம் ஃபிளவனால் ரத்தக் குழாயின் நெகிழ்வைக் காக்க உதவும் என்றது. எங்கள் தோப்பில் காய்க்கிற ஒன்றைப் பற்றி இப்படிப் படிக்கும்போது எனக்கு மட்டும் சந்தோஷம் இருக்காதா?

மேடையில் அவர் சொன்ன பனாமா கதையும் நிஜம்தான். அங்கே சான் பிளாஸ் தீவுகளில் குனா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். நிறையக் கோகோ குடிக்கிறவர்கள். வயதானாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று ஹார்வர்டைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பர்க் போய் ஆராய்ந்தார். தீவை விட்டு பனாமா நகரத்துக்குக் குடிபோனவர்களுக்கு அழுத்தம் ஏறியிருந்தது. கோகோமீது உலகத்தின் கண் திரும்பியதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் நகரத்துக்குப் போனவர்கள் கோகோவை மட்டுமா விட்டார்கள்? மீனை, துடுப்பு போடுகிற உடம்பு உழைப்பை, தீவு வாழ்க்கையையே விட்டார்கள். இதை அவர் சொல்லவில்லை. அந்த மக்கள் குடித்தது உறையில் சுற்றிய சாக்லேட் கட்டி இல்லை என்பதையும் சொல்லவில்லை.

அப்புறம் அந்த "27 சதவீதம்". கருத்துப் பெட்டியில் ஆளாளுக்கு அதையே எழுதியிருக்கிறீர்கள். அது அமெரிக்காவில் நடந்த காஸ்மோஸ் ஆய்வு, முடிவு 2022ல் வந்தது. 21,442 பேர், எல்லாரும் வயதானவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் மூன்றரை வருடம் பார்த்தார்கள். அவர்கள் முதன்மையாகப் பார்க்க நினைத்தது மாரடைப்பு, பக்கவாதம் முதலான எல்லா இதயப் பாதிப்புகளும் சேர்ந்த மொத்தக் கணக்கு. அது 10 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதினார்கள். இதய நோயால் வந்த சாவு 27 சதவீதம் குறைந்தது என்பது அதன் துணை முடிவு. நம்பிக்கை தருகிற விஷயம்தான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் அங்கே கொடுத்தது கேப்ஸ்யூல். கோகோவிலிருந்து பிரித்தெடுத்த சாரம். ஒருத்தருக்கும் சாக்லேட் கொடுக்கவில்லை. ஒருத்தரையும் பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் அந்த நாலு வரியைக் கருத்துப் பெட்டியில் எழுதினேன். அதற்குத்தான் அந்தப் பேச்சு.

ரத்த அழுத்தம் எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2017ல் 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கிட்டத்தட்ட 1,800 பேர். சராசரியாகக் குறைந்தது 2 புள்ளிக்கும் கொஞ்சம் கீழே. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்குச் சுமார் 4 புள்ளி. 170 இருக்கிறவருக்கு 166 ஆகும். இதற்கா மாத்திரையைத் தூக்கிப் போடுவது?

அமெரிக்க உணவு மருந்துத் துறை 2023 பிப்ரவரியில் இதய நலன் பற்றிய ஒரு வாசகத்தைப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தது. அதைத்தான் அவர் "அமெரிக்காவே ஒத்துக்கிட்டது" என்றார். குறைந்தது 4 சதவீதம் ஃபிளவனால் உள்ள பொடிக்கு மட்டும்தான் அந்த அனுமதி. ஆதாரம் மிகக் குறைவு என்று அந்த வாசகத்திலேயே எழுத வேண்டும். சாதாரணக் கோகோ பொடிக்கும் சாக்லேட்டுக்கும் அது செல்லாது. எத்தனை தரம் சொல்வது, சாக்லேட்டுக்குச் செல்லாது!

சாக்லேட்டாகும்போது ஃபிளவனால் குறைந்துவிடும் என்பதை எனக்கு ஆய்வுக் கட்டுரை வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. காய் சாக்லேட்டாக மாறுகிற வேலையில் பாதியை நான் வாசலில் பார்த்து வளர்ந்தவள். ஆழியாற்றுத் தண்ணீர் பாய்கிற எங்கள் தோப்பில் தென்னைக்கு நடுவே கோகோ நிற்கிறது. பழுத்த காயைக் கத்தி போட்டு வெட்டமாட்டோம், விதை நறுங்கிவிடும். கட்டையில் ஒரு தட்டு தட்டிப் பிளப்போம். வெள்ளைச் சதை ஒட்டிய விதையை வாயில் போட்டால் இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அந்த விதையைக் கடித்துப் பாருங்கள், நாக்கு இழுத்துக்கொள்ளும். அந்தக் கசப்பும் துவர்ப்பும்தான் நீங்கள் தேடுகிற ஃபிளவனால். அப்புறம் கூடையில் கொட்டி வாழையிலை மூடிப் புளிக்கவிடுவோம். மூன்றாம் நாள் கிளறும்போது கள்ளு வாசம் வரும், உள்ளே கையை விட்டால் சுடும். வெள்ளையும் ஊதாவுமாக இருந்த விதை பழுப்பாகும். துவர்ப்பு இறங்கும். அது இறங்கினால்தான் வியாபாரி எடுப்பார். பிறகு வெயிலில் காய்ந்து, ஆலைக்குப் போய் வறுபட்டு, அரைபட்டு, சர்க்கரையும் பாலும் சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஃபிளவனால் குறைந்துகொண்டே வருகிறது.

கோகோ பொடியில் இன்னொன்றும் உண்டு. நிறம் கறுப்பாகவும் கசப்பு குறைவாகவும் இருக்கக் காரம் சேர்த்துப் பதப்படுத்துவார்கள், மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரியான காரம். ஒரு ஆய்வில் அளந்து பார்த்தபோது, காரம் சேர்க்காத பொடியில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. நிறையக் காரம் சேர்த்த பொடியில் 3.9. கறுப்பாக இருப்பதுதான் ஒசத்தி என்று கடையில் தேடி எடுக்கிறோமே, அதிலேயே இல்லாமல் போகலாம். உறையில் 70 சதவீதம், 85 சதவீதம் என்று போட்டிருப்பது கோகோவின் அளவு. கோகோ வெண்ணெயும் அதில் சேர்ந்துதான். ஃபிளவனால் எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது.

இப்போது எதற்கு இவ்வளவு கொதிக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு. எங்கள் பெரிய மாமாவுக்குப் பிரஷர் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாதாமாதம் ஒரு அக்கா வீட்டு வாசலுக்கே வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் ஆரம்பித்த பிறகுதான் மாமா ஒழுங்காக மாத்திரை போட ஆரம்பித்தார். அதற்கு முன்னால் மருந்து வாங்க டவுனுக்குப் போகச் சோம்பல், போனால் ஒரு நாள் வேலை போச்சு என்று வாரக்கணக்கில் விட்டுவிடுவார். இந்த மாதம் அந்த அக்கா வந்தபோது "இனி எனக்கு வேண்டாம் கண்ணு, வேற யாருக்காச்சும் குடு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அத்தை கெஞ்சியும் கேட்கவில்லை.

நான் போய்க் கேட்டேன். "ஏனுங் மாமா, மாத்திரைய நிறுத்திட்டீங்களாமா?"

"நம்ம தோப்புல காய்க்கறதுலயே மருந்து இருக்குதாமா கண்ணு. இத்தன வருசம் தெரியாமப் போச்சு. அந்தத் தம்பி எத்தன படிச்சிருக்காரு, பொய்யா சொல்லுவாரு?"

மேசைமேல் சாக்லேட் உறைகள் கிடந்தன. சர்க்கரை உள்ளவர். ரெண்டு துண்டு என்று ஆரம்பித்து, நல்லதுதானே என்று பாதிக் கட்டி வரை போயிருக்கிறார். மறு வாரமே மோட்டார் ரூம் வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பார்வை மங்கலாகத் தெரிகிறது என்றார். தூக்கிக்கொண்டு ஓடினோம், மேல் அளவு 200ஐத் தாண்டியிருந்தது. அத்தை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு என்னிடம் "நானும் அந்த வீடியோவைப் பாத்தேன், நல்லதுன்னு தான நெனச்சேன்" என்று சொல்லி அழுதார். கைதட்டியவர்களில் யார் அந்த அழுகைக்குப் பதில் சொல்வது?

மாமா இப்போது பரவாயில்லை. மாத்திரை போடுகிறார்.

இனி கருத்துப் பெட்டிக்கு வருகிறேன்.

"இயற்கையானது, என்ன கெடுதல் வந்துடும்?" 70 சதவீத டார்க் சாக்லேட் 100 கிராமில் 600 கலோரிக்குப் பக்கமாக இருக்கிறது, அதில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து வருவது. அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2022ல் 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. அவற்றில் 23ல், தினம் ஒரு அவுன்ஸ் சாப்பிட்டாலே ஈயமோ காட்மியமோ அவர்கள் வைத்த வரம்பைத் தாண்டும் அளவு இருந்தது. ஆசைக்கு ஒரு துண்டு சாப்பிடுகிறவரை இதைச் சொல்லி நான் பயமுறுத்தவில்லை. மருந்து என்று நினைத்துத் தினமும் சாப்பிடுகிறவருக்குச் சொல்கிறேன்.

"நம்ம முன்னோர் மருந்தை நம்ப மாட்டே, வெள்ளைக்காரன் மாத்திரையை நம்புவே." ஐயா, கோகோ அமேசான் காட்டு மரம். எங்கள் அப்புச்சி காலத்தில் இந்தத் தோப்பில் ஒரு கோகோ மரம்கூடக் கிடையாது. அவர் குடித்தது கம்மங்கூழ், தொட்டுக்கொண்டது மோர் மிளகாய். கோகோவை முன்னோர் கணக்கில் சேர்ப்பதாக இருந்தால் அந்த முன்னோர் பனாமாவிலும் பெருவிலும்தான் இருப்பார்கள்.

"மருந்துக் கம்பெனிக்கு வேலை பார்க்கறயா?" இதற்கு நான் பதில் சொல்லவே கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். மாமா வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அந்த மாத்திரைக்கு அவர் ஒரு பைசா கொடுப்பதில்லை. சாக்லேட் கட்டிக்குத்தான் காசு கொடுத்தார். நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய ஆய்வுக்குப் பணம் கொடுத்ததில் மார்ஸ் சாக்லேட் கம்பெனியும் உண்டு. அதனால் ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிக் கணக்கு பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் பாருங்கள்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. மேடையில் பேசியவரும் இல்லை.

இப்போது எனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்துப்போன தோப்புக்காரர்கள். வேர் வாடல் வந்து, காய்க்கிற மரத்தை வெட்டிச் சாய்த்தவர்கள். தேங்காயை நம்பி இருக்க முடியாது என்றுதான் ஊடுபயிராகக் கோகோ வைத்தோம். 2024ல் ஆப்பிரிக்காவில் மகசூல் படுத்து, உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியபோது, இங்கே காய்ந்த விதைக்குக் கனவிலும் நினைக்காத விலை வந்தது. அந்த வருடம் கோகோ மரத்தைக் கண்ணாலேயே தடவிக் கொடுத்தோம். அப்புறம் விலை இறங்கியது. இறங்கிய நேரத்தில் ஒருவர் மேடையேறி "உங்க தோப்புல இருக்கறது இதய மருந்து, உலகமே இதைத் தேடி வரும்" என்றால் யாருக்குத்தான் கைதட்டத் தோன்றாது? எங்கள் அப்பாவும் கைதட்டியிருப்பார். அந்த நம்பிக்கையை வைத்து விளையாடுகிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

விவசாயிக்கு நல்லது செய்ய நினைத்தால் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஈர விதைக்கும் காய்ந்த விதைக்கும் விலை வித்தியாசம் ஏன் இப்படி இருக்கிறது என்று பேசலாம். நன்றாகப் புளிக்கவைத்து, நன்றாகக் காயவைத்தவனுக்கு அதற்கான விலை கிடைக்க வழி சொல்லலாம். அணிலும் எலியும் குடைந்து போடுகிற காய்க்கு என்ன செய்வது என்று பேசலாம். ஃபிளவனால்தான் பெரிய விஷயம் என்றால், அதைக் காப்பாற்றும் பதப்படுத்துதலை இங்கேயே செய்ய முடியுமா என்று வேளாண் பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்கலாம், கோயமுத்தூர் ஒன்றும் தூரம் இல்லை. பிரஷர்காரனின் மாத்திரையைப் பிடுங்கித்தான் என் விதைக்கு விலை வர வேண்டுமா? அப்படி வருகிற விலை எனக்கு வேண்டாம். எங்கள் அப்பாவுக்கும் வேண்டாம், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கோகோ குடிக்கிறவர்கள் குடியுங்கள். சர்க்கரை அதிகம் போடாமல், காரம் சேர்க்காத பொடியாகப் பார்த்து வாங்கிக் குடியுங்கள். எங்களிடமிருந்து விதை வாங்கிச் சாக்லேட் செய்கிற சின்னச் சின்ன ஆட்கள் பொள்ளாச்சிப் பக்கமே இருக்கிறார்கள், ருசிக்காக அவர்களிடம் வாங்குங்கள், எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

வீடியோ போட்டவருக்கு நேரடியாக எழுதிவிட்டேன், பதில் இல்லை. இங்கேயும் கேட்கிறேன். முழுசாக நீக்க மனசில்லை என்றால், மாத்திரை பற்றிப் பேசிய அந்தப் பகுதியை மட்டுமாவது வெட்டிவிடுங்கள். அதைப் பகிர்ந்த உறவுக்காரர்களே, அதே குழுக்களில் இந்தப் பதிவையும் போடுங்கள். என்னைத் திட்டித்தான் போட வேண்டும் என்றால் திட்டிப் போடுங்கள், ஆனால் போடுங்கள். இந்தப் பதிவை நான் எடுக்க மாட்டேன்.