பிள்ளைகளை முதலில் தொழுவத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்

ஆகஸ்டு இறுதியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று முடியும் மினசோட்டா ஸ்டேட் ஃபேர் என்னும் மாநிலக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகும் நம்மவர்கள் பலர், ராட்டினங்களிலும் எண்ணெயில் பொரித்த தின்பண்டங்களிலும் பகல் முழுவதையும் கழித்துவிட்டு, செலவுதான் மிச்சம் என்று சொல்வதைக் கேட்டு வருகிறேன். அந்தப் பன்னிரண்டு நாள் திருவிழாவின் உயிர் கால்நடைக் கொட்டகைகளில்தான் இருக்கிறது என்பதும், பிள்ளைகளை அங்கேதான் முதலில் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

1859-இல் தொடங்கிய இந்தக் கண்காட்சியை இன்றும் நடத்துவது மாநில வேளாண் சங்கமே. ஏழைகளுக்கான பண்ணையாக இருந்த 210 ஏக்கர் நிலத்தை ராம்சே கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகம் 1885-இல் இதற்காகக் கொடுத்தது. அது விரிந்து இப்போது 322 ஏக்கராக இருக்கிறது. 2019-இல் மட்டும் 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். இவ்வளவு பெரிய நகர்ப்புறக் கூட்டம் உழவர்களோடு நேருக்கு நேர் நின்று பேசும் வாய்ப்பு, இந்த மாநிலத்தில் வேறெங்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பசுவும் ஆடும் பன்றியும் பார்வையாளர்கள் முன்னிலையிலேயே ஈனும் கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பக்கத்தில் நின்று, கேட்கிற கேள்விக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரையும் அங்கே அழைத்துப் போனோம். காங்கயம் பக்கத்தில் மாடுகளோடு வளர்ந்தவர் அவர். கன்று விழுந்து கூட்டம் கைதட்டிக் கலைந்த பிறகும் அவர் நகரவில்லை. "இன்னும் நஞ்சுக்கொடி விழலையே, அதுக்குள்ள எங்க போறீங்க?" என்று எங்களைத் தடுத்தார். பிறகு சீம்பால் ஏன் கன்றுக்கு உடனே வேண்டும் என்று பேத்திக்கு அவர் சொன்னதையும், அதையே மாணவி ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கியதையும் ஒருசேரக் கேட்டபோது எனக்கு உண்டான பெருமிதத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பாட்டிக்கு எவ்வளவு தெரியும் என்பதை என் மகள் அன்றுதான் அறிந்தாள்.

இரத்தமும் நீருமாக இருக்கும் அந்தக் காட்சியைக் குழந்தைகள் பார்க்கலாமா என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அதைவிடக் கடினமான உண்மையொன்று பக்கத்துக் கொட்டகைகளில் இருக்கிறது. ஃபோர்-எச் என்னும் இளையோர் அமைப்பின் பிள்ளைகள், தாங்கள் மாதக்கணக்கில் தீனி வைத்துக் குளிப்பாட்டி வளர்த்த காளையையும் ஆட்டையும் பன்றியையும் நடுவர் முன் நடத்திக் காட்டுகிறார்கள். இறைச்சிக்காக வளர்த்தவற்றுள் சிறந்தவை அங்கேயே ஏலத்துக்கும் வருகின்றன. வைக்கோல்மீது அமர்ந்து தன் செம்மறிக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்த சிறுமியிடம், இதை விற்றுவிடுவாயா என்று என் மகள் கேட்டாள். விற்பேன், அன்றைக்கு அழுவேன், கிடைக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் கல்லூரிக்குச் சேர்த்துவிட்டு அடுத்த குட்டி வாங்குவேன் என்று அந்தச் சிறுமி மறைக்காமல் சொன்னாள். இறைச்சி உண்ணும் குடும்பமானாலும் உண்ணாத குடும்பமானாலும், தட்டில் இருப்பது எங்கிருந்து வருகிறது என்பதை இவ்வளவு நேர்மையாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை. இந்தப் பேச்சைப் பிள்ளைகளின் காதில் விழாமல் மறைப்பது தவறு. வீடு திரும்பியதும் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நாம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தானே குடும்பமாகப் போகிறோம்.

வெண்ணெய்ச் சிற்பத்தையும் தவறவிட வேண்டாம். பால் பண்ணை இளவரசிப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுப் பெண்களின் முகங்களை, குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் ஏறத்தாழ 40 கிலோ வெண்ணெய்க் கட்டியில் செதுக்குகிறார்கள். லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 1972 முதல் 2021 வரை இந்தப் பணியைச் செய்தவர். விதைகளை ஒட்டி உருவாக்கும் ஓவியங்கள் வேளாண் கட்டடத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஃபோர்-எச் பிள்ளைகளின் கால்நடைகள் விழாவின் முதல் சில நாட்களில்தான் இருக்கும் என்பதால், முதல் வார இறுதியில் போவது நல்லது. வெளி வாகன நிறுத்தங்களிலிருந்து இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. காலையிலேயே போய்விட்டால் கொட்டகைகளில் நெரிசல் இருக்காது, வளர்க்கும் பிள்ளைகளும் ஓய்வாகப் பேசுவார்கள். ராட்டினங்கள் இரவு வரை சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.